இரண்டு 'சரி'கள்: சென்ஹைசர் 600-ம் 650-ம்

சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போன் சந்தைக்கு வந்தது 1997-ல். ஹெச்டி 650 வந்தது 2003-ல். இரண்டும் இன்னமும் புதிதாகவே கிடைக்கின்றன. 1997-ல் வந்த செல்போனையோ கம்ப்யூட்டரையோ இன்று யாராவது கடையில் போய்க் கேட்பார்களா? ஆனால் இந்த ஹெட்போனைக் கேட்கிறார்கள், காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அதைவிட விசித்திரம் ஒன்று இருக்கிறது. 650 வந்தபிறகும் 600-க்கு ஓய்வு கொடுக்கவில்லை. ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே உடல், இரண்டுக்கும் மின்தடை 300 ஓம். ஒன்றின் காது மெத்தையைக் கழற்றி மற்றதில் மாட்டலாம். இரண்டையுமே 'உள்ளது உள்ளபடி' ஒலிப்பதாகச் சொல்லித்தான் விற்றார்கள். உள்ளது ஒன்றுதானே, அதற்கு எப்படி இரண்டு 'உள்ளபடி' இருக்க முடியும்?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பழைய கதை.

ஹெட்போன் பிறந்தது இசைக்காக இல்லை. தொலைபேசி ஆபரேட்டர்களும் கம்பியில்லாத் தந்திக்காரர்களும்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்தார். 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு மாதிரி அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை இன்னும் வேண்டும் என்றது. ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது, சமையலறையில் இடம் இல்லை என்று பதில் எழுதினாராம்! 1937-ல் பெர்லினில் ஆய்கன் பேயரின் கம்பெனி டிடி 48 என்ற மாடலைக் கொண்டுவந்தது. ஸ்பீக்கரில் இருப்பதுபோல காந்தம், கம்பிச் சுருள், சவ்வு என்று அமைந்த முதல் ஹெட்போன் அதுதான். இந்த டிடி 48-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

இசைக்கு என்றே ஹெட்போன் வந்ததற்கு இன்னும் இருபது வருடம் ஆனது. மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டிவி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். 1958-ல் அவரும் மார்ட்டின் லாங்கே என்ற பொறியாளரும் ஒரு ரெக்கார்ட் பிளேயரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே, தனியாகக் கேட்க ஒரு ஸ்டீரியோ ஹெட்போன். பிளேயரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹெட்போனைக் கேட்கக் கூட்டம் நின்றது. ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வரத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான்.

இதற்கெல்லாம் முன்பே, 1945-ல், ஹனோவர் பக்கத்தில் வென்னபோஸ்டல் என்ற கிராமத்தில் ஃபிரிட்ஸ் சென்ஹைசர் என்ற மின்பொறியாளர் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தார். அப்போது அதன் பெயர் 'லாபர் வி'. போர் முடிந்த கையோடு அளவுக் கருவிகள், பிறகு மைக்ரோபோன்கள். 1968-ல் ஹெச்டி 414 என்ற ஹெட்போனை வெளியிட்டார்கள். அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக மூடும் கிண்ணம். 414-க்குக் கிண்ணமே இல்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கூடு, அதன்மேல் மஞ்சள் நுரை, அவ்வளவுதான். சவ்வின் பின்பக்கத்து ஒலி தாராளமாக வெளியே போகும். பக்கத்தில் இருப்பவருக்கும் உங்கள் பாட்டு கேட்கும் என்பது குறைதான். ஆனால் மூடிய கிண்ணத்துக்குள் ஒலி முட்டி மோதித் திரும்பும் அந்தக் குடத்துச் சத்தம் இதில் இல்லை. பாட்டு தலைக்கு வெளியே கொஞ்சம் காற்றோட்டமாக இருப்பது போலத் தோன்றும். ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்று உயர்ரக ஹெட்போன்களில் பாதி 'ஓப்பன் பேக்' என்றால், அதற்கு வழி போட்டது இந்த மஞ்சள் நுரைதான்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். 'சரியான ஒலி' என்றால் என்ன?

ஸ்பீக்கருக்கு இதைச் சொல்வது சுலபம். உள்ளே அனுப்பிய எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் வெளியே வரணும். எதிரொலி இல்லாத அறையில் மைக் வைத்து அளந்தால் வரைபடத்தில் நேர்கோடு வரணும். ஹெட்போனில் இந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று பாருங்கள். எதிரில் ஒருவர் பாடும்போது அந்த ஒலி நேராகச் செவிப்பறைக்குப் போவதில்லை. தோளில் படுகிறது, தலையைச் சுற்றுகிறது, காது மடலின் மடிப்புகளில் புரண்டு, காதுக் குழாய்க்குள் நுழைகிறது. அந்தக் குழாய் ஒரு புல்லாங்குழல் மாதிரி தனக்குப் பிடித்த அதிர்வெண்ணைத் தூக்கிவிடும். கிட்டத்தட்ட 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் ஒலி பத்து டெசிபலுக்கும் மேலே ஏறிவிடுகிறது. பிறந்ததிலிருந்து இப்படித்தான் கேட்கிறோம் என்பதால், மூளைக்கு அந்த மேடுதான் 'சமதளம்'.

ஹெட்போனோ தோள், தலை எல்லாவற்றையும் தாண்டி நேரே காதோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அந்த மேட்டின் ஒரு பகுதியைச் செயற்கையாக அதுவே கட்டித் தர வேண்டும். செவிப்பறையில் நேர்கோடு வரும்படி ஒரு ஹெட்போன் செய்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். அப்படியானால் எவ்வளவு மேடு? ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டு? திசை மாறினால் காது மடல் செய்யும் வேலையும் மாறிவிடுமே!

ஆரம்பத்தில் 'நேர் எதிரிலிருந்து' என்று வைத்துக்கொண்டார்கள். 1980-களில் மியூனிக் ஒலிபரப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த குந்தர் தைலெ இதை மறுத்தார். ஹெட்போனில் கேட்பவருக்கு ஒலி எதிரிலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை. தலைக்குள்ளோ தலையைச் சுற்றியோதான் தோன்றுகிறது. அப்புறம் எதற்கு எதிர்த்திசைக் கணக்கு? எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வரும் ஓர் எதிரொலி அறையில் காது என்ன கேட்குமோ, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெர்மன் வானொலிக்காரர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. ஆஸ்திரியாவின் ஏகேஜி கம்பெனி தன் கே 240 மாடலின் ஒரு வகைக்கு, இந்தக் கணக்கைக் குறிக்கும் 'டிஎஃப்' என்ற எழுத்துகளைப் பெயரிலேயே ஒட்டி விற்றது.

600-இன் தாய்வீடு இந்த ஜெர்மன் ஸ்டூடியோ உலகம்தான். 1990-களின் தொடக்கத்தில் சென்ஹைசர் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, ஆர்ஃபியஸ் என்ற பிரம்மாண்டம். வால்வு ஆம்ப்ளிஃபயரோடு வரும் மின்னிலை ஹெட்போன், சுமார் 300 செட்தான் செய்தார்கள். பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போன சாமான். இன்னொன்று, ஹெச்டி 580. சாதாரணக் காந்தம், சுருள். ஆனால் கவனமாகச் செய்தது. கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டுக்கு அதில் ஒரு சிறப்புப் பதிப்பு விட்டார்கள், வெளிமூடிக்கு உலோக வலை போட்டு. அதன் வாரிசாக 1997-ல் வந்ததுதான் 600. பளிங்குக் கல் மாதிரி நீலப் புள்ளி போட்ட தோற்றம். அந்தக் காலத்தில் அது அழகாக இருந்திருக்க வேண்டும், இப்போது பார்த்தால் பழைய ஓட்டல் மேசை ஞாபகம் வருகிறது.

ஆறு வருடம் கழித்து 650. சாம்பல் நிறம். உள்ளே சிறு மாற்றங்கள். அளந்து பார்த்தவர்கள் கண்டது இதுதான்: கீழ்ப் பகுதியில், பேஸும் அதற்குச் சற்று மேலும் ஒன்றிரண்டு டெசிபல் கூடுதல். மேல் பகுதியில் ஒரு துளி குறைவு. இவ்வளவுதான் வித்தியாசம்! 600-இன் குரல் கொஞ்சம் முன்னால் நிற்கும், 650-இன் குரல் ஒரு சால்வை போர்த்திக்கொண்டு வரும். இதற்காக இருபது வருடமாக மனிதர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

2016-ல் இன்னொரு குழப்பம். மாஸ்டிராப் என்ற அமெரிக்க இணையக் கடை சென்ஹைசரோடு பேசி, 650-ஐயே கருநீல நிறத்தில் ஹெச்டி 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் 200 டாலருக்கு விற்றது. 650-இன் பட்டியல் விலையில் அது பாதிகூட இல்லை. ஆக, அண்ணன் தம்பியோடு ஒரு இரட்டைப் பிறவியும் சேர்ந்துகொண்டது.

இப்போது என் சொந்தக் காரணம். என் அக்கா மகனுக்கு முதல் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பியது போக, மிச்சம் பிடித்து ஹெட்போனுக்கென்று ஒரு தொகை வைத்திருந்தான். வயலின் கற்றவன், வேலைக்குப் போனதும் விட்டுப்போயிற்று. "மாமா, 600-ஆ 650-ஆ? ஒண்ணுதான் வாங்க முடியும். தப்பா வாங்கிட்டா மறுபடி இவ்ளோ காசு சேர்க்க ரெண்டு வருஷம் ஆகும்" என்றான். இணையத்தில் படித்துப் படித்து மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தது. அவன் அம்மாவுக்கு இந்த விலை தெரியாது. தெரிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும்.

ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஹார்மன் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஹார்மன் என்பது ஜேபிஎல், ஏகேஜி எல்லாம் வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம். அங்கே ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2012 வாக்கில், யாரும் சரியாகக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஹெட்போன் எப்படி ஒலிக்கணும் என்று கோட்பாடு பேசுகிறோமே, கேட்கிறவர்களுக்கு எது பிடிக்கிறது? ஆலிவுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 1994-ல் அவரும் ஃபிளாய்ட் டூலும் ஸ்பீக்கர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆட்கள், ஒரே ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முறை கண்ணெதிரே வைத்து. கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெரிய, அழகான ஸ்பீக்கர்களுக்கு ஏறியது, சின்ன மலிவானதற்கு இறங்கியது. கேட்டவர்களோ அதே கம்பெனி ஆட்கள்!

ஸ்பீக்கரைத் திரையால் மறைக்கலாம், தலையில் மாட்டுகிற சாமானை எப்படி மறைப்பது? எடை தெரியும், பிடிமானம் தெரியும், மெத்தையின் சுகம் தெரியும். முதலில் பின்னால் நின்று மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். பிறகு நல்ல உபாயம் ஒன்று கிடைத்தது. ஒரே ஹெட்போனை எல்லாருக்கும் மாட்டி, மற்ற மாடல்களின் ஒலியளவை அளந்து, ஈக்வலைசர் மூலம் அந்த ஒரே ஹெட்போனை ஒவ்வொன்றாக நடிக்க வைத்தார்கள். நிஜ ஹெட்போன்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் நடிப்புக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அப்படியென்றால் நாம் 'ஹெட்போனின் குணம்' என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு, எந்த அதிர்வெண் எவ்வளவு என்ற அந்த வளைகோடுதான்.

அந்தச் சோதனைகளில் பெரும்பாலோர் விரும்பியது தைலெயின் எதிரொலி அறையை அல்ல. சாதாரண வீட்டு அறையில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வைத்தால் காதுக்கு என்ன வருமோ, அதற்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது கீழே கொஞ்சம் கனம், மேலே கொஞ்சம் சரிவு. யோசித்தால் நியாயம்தான். பாட்டைக் கலந்து முடித்தவரும் ஸ்பீக்கர் முன்னால் அறையில் உட்கார்ந்துதான் கலந்தார்.

பின்னால் வந்த அவர்களின் இன்னொரு கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேட்டவர்களைப் பிரித்துப் பார்த்ததில் 64 சதவீதம் பேர் இந்த வளைகோட்டையே விரும்பினார்கள். 15 சதவீதத்துக்கு இன்னும் பேஸ் வேண்டும். 21 சதவீதத்துக்கு இவ்வளவு பேஸ் வேண்டாம். வேண்டாம் என்றவர்களில் ஐம்பது வயது தாண்டியவர்களும் பெண்களும் கூடுதல்.

இதை வைத்துக்கொண்டு 600-650 சண்டையைத் திரும்பப் பாருங்கள். இரண்டில் ஒன்று உண்மை, மற்றது பொய் என்பதல்ல விஷயம். 600 ஜெர்மன் ஒலிபரப்பு ஸ்டூடியோவின் வாசலில் நிற்கிறது. 650 அங்கிருந்து வீட்டுக் கூடத்தை நோக்கி இரண்டடி எடுத்து வைத்திருக்கிறது. ஹார்மன் கோட்டோடு ஒப்பிட்டால் இரண்டுக்குமே ஆழ்ந்த பேஸ் குறைவுதான். எந்த அறையை மனதில் வைத்து இசை கேட்கிறோம் என்பதற்கு இரண்டு ஊகங்கள். இது என் வாசிப்பு, சென்ஹைசர் இப்படிச் சொன்னதில்லை.

விலை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் வளைகோட்டுக்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. விலை ஏற ஏற எடை, பொருள், உழைப்பு, பெட்டிக்குள் இருக்கும் பட்டுத்துணி எல்லாம் ஏறலாம். ஒலியின் சமன் தானாக ஏறுவதில்லை.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, ஆனா நான் கேட்டுப் பாக்கணும்" என்றான். அதுவும் சரிதான். என்னிடம் பத்து வருடப் பழைய 600 இருந்தது. அவன் நண்பனிடமிருந்து 650 ஒன்றை இரவல் வாங்கி வந்தான். மாட்டின உடனே 650-தான் வாங்கப்போகிறேன் என்றான். கொஞ்சம் பொறு என்றேன். இரண்டு விஷயம் சரிசெய்ய வேண்டியிருந்தது. என் 600-இன் மெத்தைகள் தேய்ந்து அப்பளமாகியிருந்தன. மெத்தை அமுங்கினால் சவ்வு காதுக்கு நெருங்கும், ஒலியே மாறிவிடும். புது மெத்தை போட்டேன். அடுத்தது சத்தம். குமிழை ஒரே இடத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சத்தம் தருவதில்லை, 650 சற்று உரக்கப் பேசும். 1933-லேயே பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டிவிட்டார்கள், சத்தம் குறைந்தால் பேஸ் நம் காதுக்கு மற்றதைவிட வேகமாக மங்கிவிடும் என்று. அதனால் சற்றே உரக்க ஒலிப்பது, 'உரக்க' என்று தோன்றாமல் 'நிறைவாக' என்று தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பழைய சிடி ஒன்றை ஹெட்போன் மெத்தையில் அழுத்தி, அதன் ஓட்டையில் போன் மைக்கை வைத்து, ஒரே சுருதியை ஒலிக்கவிட்டுச் சத்தத்தைச் சமன் செய்தோம். ஆய்வுக்கூடத் துல்லியம் இல்லை, எங்கள் காரியத்துக்குப் போதும். பிறகு அவன் கண்ணை மூடிக்கொள்ள, நான் மாற்றி மாற்றி மாட்டிவிட்டேன். தம்பூரா மட்டும் ஒலித்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் திணறினான். மிருதங்கத்தின் தொப்பி விழும்போது 650-இல் கொஞ்சம் வயிறு பெரிது. வயலினில் வில் கம்பியைக் கடிக்கும் அந்த முதல் கணம் 600-இல் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. வயலின்காரன், அதை உடனே பிடித்துவிட்டான். பிறகு போனில் இருக்கும் ஈக்வலைசரை எடுத்து, 600-க்குக் கீழே இரண்டு டெசிபல் ஏற்றி, மேலே ஒன்று இறக்கினேன். "இது 650" என்றான். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதப் பதற்றம் அன்றைக்கு இறங்கியது. எதை வாங்கினாலும் மற்றது போனுக்குள் இருக்கிறது என்றான பிறகு, தப்பாக வாங்க வழியே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சக ஊழியர் மூலம் அந்தக் கருநீல 6எக்ஸ்எக்ஸ் வாங்கிக்கொண்டான். புதிதில் தலையை நன்றாக இறுக்கும், கண்ணாடி போட்டவர்களுக்குக் காதோரம் வலிக்கும். அவனுக்கும் வலித்தது, சில வாரத்தில் தளர்ந்தது. 300 ஓம் என்பதால் போனில் நேராகச் செருகினால் சிலவற்றில் சத்தம் போதாது. மிச்சக் காசில் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதற்குப் பிறகும் காசு மிஞ்சியது. வயலினுக்குப் புதுக் கம்பி போட்டான்.

இன்னொரு செய்தியையும் குறித்துவைக்கிறேன். 2021-ல் சென்ஹைசர் குடும்பம் தன் ஹெட்போன் வியாபாரத்தை விற்றுவிடுவதாக அறிவித்தது. மைக்ரோபோன் முதலிய தொழில்முறைச் சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டது. வாங்கியது சோனோவா, சுவிட்சர்லாந்தின் காது கேட்கும் கருவிக் கம்பெனி. பலருக்கு இது அதிர்ச்சி. எனக்கு டிடி 48 ஞாபகம் வந்தது. 1937-ல் வந்த அந்த ஹெட்போன், இசை கேட்பவர்களைவிடக் காது பரிசோதனை அறைகளில்தான் நீண்ட காலம் வேலை பார்த்தது.

இதைப் படித்த சூட்டோடு நானும் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சின்ன அறை, கனத்த கதவு, கையில் ஒரு பொத்தான். 6000 ஹெர்ட்ஸில் என் இடது காது வலது காதைவிட 10 டெசிபல் பின்தங்கியிருக்கிறது. 600-க்கும் 650-க்கும் எந்த இடத்திலும் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. பரிசோதித்த பெண் தாளைக் கொடுத்துவிட்டு, "ஹெட்போன் அதிகம் கேப்பீங்களா சார்?" என்றார். சத்தத்தைக் குறைத்து, அரை மணிக்கு ஒருமுறை கழற்றி வைக்கச் சொன்னார். 600-இல்தான் இன்னமும் கேட்கிறேன், குமிழை முன்பைவிட இரண்டு கோடு கீழே வைத்து.